பீரோ கண்ணாடியில் ஒன்மோர்

ஒரே முகூர்த்தத்தில், ஒரே பெண் கழுத்தில், ஒரே மாப்பிள்ளை மூன்று தரம் தாலி கட்டிய அதிசயம் உலகத்திலேயே எங்கள் முத்தியால்பேட்டையில்தான் நடந்திருக்கும். நடத்தி வைத்தவர் ஐயர் இல்லை, வீடியோ எடுக்க வந்த ஒன்மோர். முதல் தரம் லைட் அணைந்துவிட்டதாம். இரண்டாம் தரம் நாத்தனார் தலை மறைத்துவிட்டதாம். மூன்று முடிச்சு ஒன்பது முடிச்சானதும் ஐயர், "நான் சொன்ன மந்திரம் எந்த முடிச்சோட சேர்த்தின்னு எனக்கே தெரியலப்பா" என்று தலையில் கை வைத்தார். ஒன்மோர் அதையும் குளோசப்பில் பிடித்துக்கொண்டு, "சாமி, கைய கொஞ்சம் மெதுவா கொண்டு வாங்க. ஒன் மோர்!" என்றார்.

பெயர்க்காரணம் சொல்லியாயிற்று. நிஜப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது எனக்குத் தெரிய வந்தபோது அதற்கு வேலை இல்லாமல் போயிருந்தது.

அந்த நாளில் நான் பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் இருந்த கேபிள் டிவி ஆபீசில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். கடை கடையாக ஏறி இறங்கி விளம்பரம் பிடிப்பது, அதற்கு நாலு வரி எழுதுவது, பழைய பாட்டுகளுக்கு நடுவே அதை ஓட விடுவது, ஊரில் யாராவது தவறிப்போனால் படத்தைப் போட்டுக் கீழே கண்ணீர் அஞ்சலி எழுதுவது, எல்லாம் நான்தான். விளம்பரத்தைப் படம் பிடிப்பது மட்டும் ஒன்மோர்.

ஆள் ஒல்லி. சட்டைப் பையில் சீப்பு, பவுடர் டப்பா, துணி கிளிப், நூல்கண்டு. மொபெட்டில் போகும்போது முதுகில் ஆளுயரத் தெர்மாகோல் பலகை ஒன்றைக் கட்டியிருப்பார், வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் அடிக்க. ஒரு நாள் கடற்கரைச் சாலையில் காற்று அந்தப் பலகையில் மாட்டி, இன்ஜினை அணைத்த பிறகும் வண்டி ஓடிக்கொண்டே இருந்ததாகச் சொன்னார். நம்புவதா வேண்டாமா? அவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. மொபெட் பாய்மரக் கப்பல் ஆனதையும் பார்த்ததில்லை. அவர் விஷயத்தில் என் நிலைமை எப்போதும் இதுதான், ஒன்றும் புரியாது.

மனுஷனுக்குத் தரம், தரம், தரம்! முப்பது செகண்டு விளம்பரம். பார்க்கிறவன் சாம்பார் ஊற்றிக்கொண்டே பார்ப்பான். அதற்கு மூன்று நாள் எடுப்பார். இட்லி மாவுக் கடைக்கு ஒன்று எடுத்தார். இட்லி ஆவி கேமராவில் சரியாகத் தெரியவில்லை என்று பின்னால் சாம்பிராணி போட்டார். படம் என்னவோ அவ்வளவு அழகு. புகை நடுவே நான்கு இட்லி, மேலே இருந்து ஒரு வெளிச்சம். ஓடின அன்றைக்கே எங்கள் ஆபீசுக்கு ஏழு போன் வந்தது. "எந்தக் கோயில் சார் இது? பஸ் இருக்குதா?"

அடுத்தது மூக்குக் கண்ணாடிக் கடை. "கண்ணு தெரியாதவன் எப்படிப் பார்ப்பானோ அப்படிக் காட்டணும்பா" என்று சொல்லிவிட்டு, இருபது செகண்டு வரைக்கும் படத்தை மங்கலாகவே விட்டார். கடைசியில்தான் கண்ணாடி வரும், எல்லாம் பளிச்சென்று ஆகும். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் இருபது செகண்டுக்குள் ஊர் முழுக்க எழுந்து டிவியைத் தட்ட ஆரம்பித்துவிட்டது. எங்கள் ஒயர்மேன் பாவம், லைனில் கோளாறு என்று நினைத்து இரண்டு கம்பம் ஏறி இறங்கிவிட்டான். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அந்தாளு விளம்பரம் எடுக்கறானா, என் பொழப்புல மண்ணு போடறானா?" என்றார். எனக்கும் தெரியவில்லை என்றேன்.

இப்படிப்பட்ட ஆளிடம் தனகோட்டி அண்ணனைக் கொண்டுபோய் விட்டது நான்தான். அந்தப் பாவம் என்னோடது.

தனகோட்டி அண்ணன் மில்லில் வேலை பார்த்தவர். வேலை போனதும், கூட வேலை பார்த்த நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு தட்டாஞ்சாவடியில் ஒரு ஷெட் பிடித்து இரும்பு பீரோ செய்து விற்றுக்கொண்டிருந்தார். கதவில் ஆளுயரக் கண்ணாடி பதித்த பீரோ. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குச் சீர் என்றால் முதலில் வண்டியில் ஏறுவது பீரோதானே! அந்த வருஷம் மெயின் ரோட்டில் ஒரு பெரிய ஷோரூம் வந்துவிட்டது. வழவழ மர அலமாரி. அதற்குச் சென்னையில் எடுத்த விளம்பரம். ஒரு பெண் காற்றில் முடி பறக்க அலமாரியைத் திறப்பாள். மூடிய அறைக்குள் எங்கிருந்து காற்று வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஜனம் அங்கே போய்விட்டது.

தனகோட்டி அண்ணன் எங்கள் மாடி ஏறி வந்து, உட்காரக்கூடச் செய்யாமல் சொன்னார்.

"தம்பி, இருபது பீரோ பெயின்ட் அடிச்சி நிக்குது. ஆவணி முகூர்த்தத்துல போனாத்தான் உண்டு. இல்லன்னா ஷெட்ட மூடிட்டு நான் எங்கயாச்சும் வாட்ச்மேன் வேலைக்குப் போயிடுவேன். எனக்கு ஒண்ணும் இல்ல. அந்த நாலு பேரு எங்கப்பா போவானுங்க? ரெண்டாவது தரமும் அவனுங்கள நடு ரோட்ல நிறுத்த முடியாது."

"கவலப்படாதீங்கண்ணா. பீரோவக் காட்டுவோம், பேர் போடுவோம், போன் நம்பர் போடுவோம். அவ்வளவுதான்" என்றேன். ஒன்மோரிடமும் படித்துப் படித்துச் சொன்னேன். "அண்ணா, பீரோ, பேரு, நம்பரு. சாம்பிராணி வேணாம்."

"இதுல இன்னாபா இருக்குது, அரை நாள் வேல" என்றார்.

பீரோவைப் படம் எடுப்பதில் ஒரு வில்லங்கம் உண்டு என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. கதவில் கண்ணாடி. எதிரே நின்று எடுத்தால் படத்தில் பீரோ இருக்கும், பீரோவுக்குள் ஒன்மோர் இருப்பார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நாக்கை லேசாக வெளியே துருத்திக்கொண்டு.

"யாருய்யா அது குறுக்க?" என்று முதலில் அவரே கத்தினார்.

பக்கவாட்டில் போனார். கண்ணாடியில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். "நீ போப்பா அந்தாண்ட. ஒன் மோர்!" நான் நகர்ந்தேன். தெருவில் ஒருத்தர் சுவரோரம் திரும்பி நின்று இயற்கை உபாதையைத் தீர்த்துக்கொண்டிருந்தார், அவர் வந்துவிட்டார். ஒன் மோர். கண்ணாடிக்குப் பவுடர் பூசினார். பீரோவுக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது. ஒன் மோர். பேப்பர் ஒட்டலாமா என்றார். "கண்ணாடிக்குப் பேப்பர் ஒட்டனா எவன்பா வாங்குவான்?" என்று தனகோட்டி அண்ணன் அழாத குறை. கடைசியில் ஒரு கறுப்புப் போர்வையில் ஓட்டை போட்டு, லென்சை மட்டும் வெளியே விட்டு, தலையோடு மூடிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து, நாலு பேரில் வெல்டிங் அடிக்கிறவர் உள்ளே வந்தார். கண்ணாடிக்குள் ஒற்றைக் கண்ணோடு கறுப்பாக ஏதோ ஒன்று, "ஒன் மோர்" என்றது. மனுஷர் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடியவர் அடுத்த நாள் மந்திரித்த கயிறு கட்டிக்கொண்டு வந்தார்.

நாற்பத்தோராவது டேக்கில், கேமராவை மட்டும் தரையில் வைத்து, அவர் அதன் பின்னால் குப்புறப் படுத்துக்கொண்டு எடுத்தார். சுத்தமாக வந்துவிட்டது. கண்ணாடியில் ஒருத்தரும் இல்லை. மிச்சம் இருந்த நாங்கள் ஐந்து பேர் கை தட்டினோம். அவர் போட்டுப் பார்த்தார். மறுபடி பார்த்தார். முகம் செத்துப்போய்விட்டது.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா கண்ணாடில யாருமே இல்லியே! சீர் கொண்டுபோற பீரோவுல ஆளே இல்லன்னா, அது இன்னா வீடு?"

"இதுக்குத்தானண்ணா காலைலேர்ந்து செத்தோம்!"

அவர் காதில் விழவில்லை. "தனகோட்டி, நீ செஞ்ச பீரோ யார் யார் ஊட்டுல இருக்குது, ஞாபகம் இருக்குதா?"

தனகோட்டி அண்ணனுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. எந்தப் பெண்ணுக்கு எந்தக் கலர், எந்த வீட்டு மாடிப்படியில் ஏறாமல் கயிறு கட்டித் தூக்கினார்கள், எல்லாம். எண்ணிப் பார்த்ததில் அறுபது வீடு தேறியது. அதில் ஒன்றைக்கூட விடமாட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஏனென்றால் ஒன்மோருக்குக் கல்யாண வீடியோவில் ஒரு சத்தியம் உண்டு. வந்தவர் ஒருத்தர் முகம்கூட விட்டுப்போகக் கூடாது. ஒரு தரம் ஒரு பெரியப்பா கேசட்டில் விட்டுப்போய், இரண்டு குடும்பம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதிலிருந்து அவர் அப்படி. பந்தியில் இலை இலையாக எடுப்பார், தான் மட்டும் சாப்பிட மறந்துவிடுவார்.

அறுபது வீடும் போனார். பன்னிரண்டு நாள் போனார். அவரவர் வீட்டில், அவரவர் பீரோ முன்னால் நின்று, தினம் செய்வதைச் செய்யச் சொன்னார். ஒருத்தி பூ வைத்தாள். ஒருத்தர் நரைமுடி பிடுங்கினார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் கிழவர் ஒருவர், எங்கள் ஊரில் சொல்தா என்போம், கண்ணாடி முன் நின்று தனக்குத்தானே சல்யூட் அடித்துக்கொண்டார். அவருக்கே மூன்று ஒன்மோர். ஒரு வீட்டுக்காரர் கதவைத் திறந்து விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார், பூனை மட்டும் கண்ணாடியோடு சண்டை போட்டது. அதையும் எடுத்தார்.

முப்பது செகண்டு. அறுபது வீடு. ஆளுக்கு அரை செகண்டு. கணக்கு கச்சிதம். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"அண்ணா, பேரு எங்க? நம்பர் எங்க?"

"அதுக்கு நாலு செகண்டு வேணும். எட்டு பேர எடுக்கணும். எந்த எட்டு பேரு? நீ சொல்லு."

"இந்த நரமுடிக்காரர எடுங்க."

"அவரு அதுக்குன்னு புதுச் சட்ட வாங்கிப் போட்டுக்கினாரு. நீயே போயி சொல்லிட்டு வா."

"பூனய எடுங்க!"

"அந்த ஊட்டுக்கு அது ஒண்ணுதானப்பா!"

"சரி, கீழ எழுத்த ஓட விடுங்க. முகம் மேல, பேரு கீழ."

மனுஷருக்குக் கோபம் வந்து நான் அன்றுதான் பார்த்தேன். "நம்ம சேனல்ல மூஞ்சிக்குக் கீழ எழுத்து போனா அது இன்னா? நீதான எழுதற? கண்ணீர் அஞ்சலி! உசுரோட இருக்கறவங்கள நான் அப்பிடிப் போடமாட்டேன்."

குரலிலாவது பேரைச் சொல்லலாம் என்று அவர் வீட்டில் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்தோம். நான் "தனகோட்டி" என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் வாசலில் மீன்காரம்மா "வஞ்சிரோம்!" என்பாள். பதினாறு தரம். "தனகோட்டி வஞ்சிரம்னு கேக்குது, தரம் இல்ல" என்று அதையும் தூக்கிப் போட்டார். மணி ஏழு ஆகிவிட்டது, ஆபீசிலிருந்து முதலாளி கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பேர் இல்லாமலே ஓட விட்டேன்.

தனகோட்டி அண்ணனும் அந்த நாலு பேரும் ஷெட் பக்கத்து டீக்கடை டிவி முன்னால் தலைசீவி வந்து உட்கார்ந்திருந்தார்கள். அறுபது முகம் பளிச் பளிச்சென்று போனது. பாட்டு வந்துவிட்டது. அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்புறம் எனக்குப் போன் செய்தார். திட்டவில்லை. "எம்பேரு வரலியே தம்பி" என்றார். அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் நான் சாப்பிட்டிருப்பேன்.

மூன்று நாளும் ஆபீஸ் போன் அலறியது. சீப்பு விளம்பரமா? தலைச்சாயமா? பூனைக்கு ஏதாவது மருந்தா? ஒரு கடையில் போய், "அந்த அறுபது பேரு பூசிக்கிற பவுடர் குடுங்க" என்று ஒருத்தர் சண்டையே போட்டாராம். "நாளைக்கு எடுத்துடு" என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் ஒன்மோரை வாயில் வந்தபடி திட்டினேன். "உங்க தரத்துல தீய வைக்க! அஞ்சு குடும்பம்ணா!" என்றேன்.

நாலாம் நாள் காலையில் தனகோட்டி அண்ணன் மாடிப்படியில் மூச்சிறைக்க ஏறி வந்தார். ஷெட்டில் ஆட்கள் நிற்கிறார்களாம். பீரோ கேட்டு.

நடந்தது இதுதான். அறுபது வீட்டிலும் சொந்தக்காரர், அக்கம்பக்கம் எல்லாரையும் கூப்பிட்டு டிவி முன் உட்கார வைத்திருக்கிறார்கள். அரை செகண்டுதானே! கண் சிமிட்டினால் போச்சு. அதனால் மறுநாளும் உட்கார்ந்திருக்கிறார்கள். பார்த்த பிறகு, "எங்க நின்னு எடுத்தாங்க?" என்று அந்த வீட்டு பீரோவைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். பீரோ லாக்கர் கதவின் உள்பக்கம் தனகோட்டி அண்ணன் சிவப்புப் பெயின்டில் பேரும் ஊரும் எழுதி வைப்பது வழக்கம். பார்க்கப் போனவர்களுக்கெல்லாம் வீட்டுக்காரர் கதவைத் திறந்து அதைக் காட்டியிருக்கிறார். நான் நாலு செகண்டில் போட நினைத்ததை அறுபது வீடு உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறது.

முதலாளியும் விளம்பரத்தை எடுக்கச் சொன்னதை மறந்துவிட்டார். ஆவணி முடிவதற்குள் இருபதும் போய்விட்டது. நாலு பேரில் ஒருத்தரும் வேலை போய் நிற்கவில்லை. இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்துத்தான் செய்தாரா என்று ஒன்மோரையே கேட்டேன். அவர் நான் சொல்வதைக் கவனிக்கவே இல்லை. "முப்பத்தேழாவது ஊட்டுக் கண்ணாடில என் முழங்கை தெரியுதுபா! உடனே நிறுத்து, அந்த ஊட்டுக்கு மட்டும் போயி ஒன் மோர் எடுத்துட்டு வந்துடறேன்" என்றார். பிடித்து உட்கார வைக்க வேண்டியதாயிற்று. அப்புறம் ஒரு கொசுவலைக் கடைக்காரர் அதே மாதிரி வேண்டும் என்று கேட்டு, அறுபது பேரை வலைக்குள் உட்கார வைத்து எடுத்தோம். ஜெயில் மாதிரி இருந்தது. ஒரு வலைகூட விற்கவில்லை. ஆக, அந்த மனுஷர் மேதையா மடையரா என்ற கேள்வி அப்படியே நின்றது.

ஒன்றிரண்டு வருஷம் கழித்து, ஒரு வாரக் காய்ச்சலில் ஒன்மோர் போய்விட்டார்.

கண்ணீர் அஞ்சலி போட வேண்டும், நான்தான் போட வேண்டும். படம் வாங்க வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி வசந்தா அக்கா டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். ஊர் முகம் எல்லாம் இருந்தது. அவர் முகம் இல்லை.

"கல்யாண ஆல்பத்துலகூட நான் மட்டும்தான் தம்பி இருக்கேன். அவரு போட்டோக்காரருக்கு லைட்டு புடிச்சிக்கினு இருந்தாரு."

அடையாள அட்டையில்? அங்கேயும் எடுக்கிற நேரத்தில் எழுந்து விளக்கைத் திருப்பியிருக்கிறார். அட்டையில் ஒரு காது மட்டும் இருந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல் ஆபீசுக்கு வந்து மேஜையைத் துழாவினேன். அடியில் ஒரு டேப் கிடந்தது. மேலே அவர் கையெழுத்தில் "வேஸ்ட்". தட்டாஞ்சாவடி ஷெட்டில் எடுத்த நாற்பத்தோரு டேக். கடைசி ஒன்றையும் நடுவில் இரண்டொன்றையும் தவிர மற்ற எல்லாவற்றிலும், பீரோ கண்ணாடிக்குள் அவர் இருந்தார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு, தெர்மாகோலைத் தலையில் வைத்துக்கொண்டு, போர்வைக்குள், போர்வையை விலக்கிக்கொண்டு, யாரையோ அந்தாண்ட போகச் சொல்லி, எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு.

தனகோட்டி அண்ணனையும் வசந்தா அக்காவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு முப்பது செகண்டாக வெட்டினேன். பேர் போட நாலு செகண்டு வேண்டும். "எத எடுக்கட்டும்?" என்று கேட்டேன். அண்ணன் தலையை ஆட்டினார். "எதயும் எடுக்காத தம்பி." அப்படியென்றால் கீழே எழுத வேண்டியதுதான். அக்கா அவருடைய நிஜப் பெயரைச் சொன்னார், நான் எழுத ஆரம்பித்தேன். இரண்டு எழுத்து போட்டதும் கை நின்றுவிட்டது. முகத்துக்குக் கீழே எழுத்து போனால் அதற்கு என்ன பெயர் என்று அவர் என்னைக் கேட்டாரே!

அழித்துவிட்டேன். சாயந்திரம் ஏழு மணிக்கு, இரண்டு பாட்டுக்கு நடுவே, பேர் இல்லாமல், ஊர் இல்லாமல், கீழே ஒரு எழுத்துகூட இல்லாமல் அப்படியே ஓட விட்டேன். எனக்குத் திரை சரியாகத் தெரியவில்லை. லைனில் கோளாறு ஒன்றும் இல்லை.

முடிந்த மறு நிமிஷம் போன் அடிக்க ஆரம்பித்தது. முதலில் பேசியவர் அந்த மூன்று தரம் தாலி கட்டிய மாப்பிள்ளை. அப்புறம் சொல்தா. அப்புறம் பூனை வீட்டுக்காரர். இது யார், என்ன விளம்பரம் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அத்தனை பேரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"சார், இன்னொரு தரம் போடுங்க."